எலும்பு எடுக்கிற காலை

இன்னும் இரண்டு வருஷம் என்று அந்தக் குழிவெட்டி சொல்லிவிட்டால் என்ன செய்வது என்கிற நினைப்பு, வீட்டுப்படியை விட்டு இறங்கும்போதே பெர்பெத்தம்மாவின் காலைச் சுற்றிக்கொண்டது. புருஷனைப் புதைத்து மூன்று வருஷம் பொறுத்தாயிற்று. புதைத்தவரை மூன்று வருஷம் கழித்துத் தோண்டி, எலும்பை எடுத்து, மதுவில் கழுவி, தகரப் பெட்டியில் அடுக்கி, கோயிலை ஒட்டிய எலும்பறையில் கொண்டுபோய் வைத்துவிடுவது பெத்ரானா என்கிற இந்தக் கிரேக்கத் தீவு ஊரில் வழக்கம். குழி அடுத்தவருக்கு வேண்டும். ஊர் சின்னது, ஊருக்கு உரிய கல்லறை மண் அதைவிடச் சின்னது. சதை கரைந்து எலும்பு மஞ்சளாக வந்தால் சரி. கரையாமல் இருந்தால் திரும்ப மூடிவிட்டு, இன்னும் இரண்டு வருஷம் போகட்டும் என்பார்கள். அதோடு விட்டாலும் பரவாயில்லை. கரையாத உடம்புக்கு இந்த ஊர் ஒரு காரணம் வைத்திருக்கிறது. செத்தவன்மேல் யாரோ ஒருத்தர் மனத்தாங்கலை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார், அதனால்தான் மண் அவனை வாங்கிக்கொள்ளவில்லை. யார் அந்த ஒருத்தர் என்று கூடிநிற்கிற பெண்கள் முதலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பிறகு எல்லோரும் ஒரே முகத்தைப் பார்ப்பார்கள். பெர்பெத்தம்மா மதுப் பாட்டிலைத் துணிப்பையோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு நடந்தாள். முன்னால் நாத்தனார் இரினி, கக்கத்தில் தகரப் பெட்டி, கையில் மடித்த வெள்ளைத் துணி, எழுபத்தொரு வயசுக்கு என்ன நடை அது, சாவுக் காரியம் என்றால் இந்த ஊர்ப் பெண்களுக்குக் காலில் சக்கரம் முளைத்துவிடும். பெர்பெத்தம்மாவுக்கு முளைக்கவில்லை. இரவு தூங்கவில்லை என்று சொல்லமுடியாது, தூங்கினாள், தூங்கியும் அலுப்புத் தீரவில்லை. வியாழக்கிழமைக் கப்பலுக்கு டிக்கெட் எடுத்துத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறாள். பிரேயஸ் வரைக்கும் கப்பல், ஏதென்ஸில் விமானம், அப்புறம் தூத்துக்குடி. தங்கை ஜெனோவா மாடி அறைக்கு வெள்ளையடித்து, மின்விசிறி மாட்டி, ஞாயிறு தவறாமல் போனில் கேட்கிறாள், அக்கா, எப்போ, எப்போ. எலும்பு எடுக்கட்டும் என்பாள் இவள். எலும்பு எடுக்கிறவரைக்கும் இங்கேயே இருப்பேன் என்று இரினியின் கையில் அடித்துச் சொன்னது இவள்தான். பெண்டாட்டியின் கை படாமல் எலும்பு பெட்டிக்குள் போகக்கூடாதாம். சொன்னது சொன்னதுதான். இன்றைக்கு அவன் கரைந்து வந்தால் வியாழக்கிழமை. வராவிட்டால் இன்னும் இரண்டு வருஷம், இதே சந்து, இதே கறுப்பு உடுப்பு, இதே முகங்கள், எல்லாவற்றிலும் ஒரு தெரிந்துவிட்டது என்கிற பார்வை.

சந்து என்றால் சந்துதான், ஓர் ஆள் ஒரு கழுதை போகலாம், எதிரே இன்னொரு கழுதை வந்தால் யாராவது ஒருவர் வீட்டுக்குள் ஒதுங்க வேண்டும். கடற்கொள்ளைக்காரனுக்குப் பயந்து வீட்டோடு வீட்டை ஒட்டிக் கட்டி, தலைக்குமேல் வளைவு வளைவாகக் கல்லை இழுத்து, முழு ஊரையும் ஒரே வீடு மாதிரி ஆக்கியிருக்கிறார்கள். கொள்ளைக்காரன் போய் எத்தனையோ தலைமுறை ஆயிற்று, ஊர் இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. வந்த புதிதில் அவளுக்கு அந்தச் சுவர்கள்தான் பிடித்திருந்தன. கறுமணல் சாந்து பூசி, அதன்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, ஈரம் காய்வதற்குள் முள்கரண்டியால் சுரண்டிச் சுரண்டி, முக்கோணமும் வட்டமும் சாய்சதுரமுமாக, புடவைக் கரையை எடுத்துச் சுவரில் ஒட்டின மாதிரி. ஊர் மொத்தமும் பாரம்பரியம் என்று பலகை வைத்துவிட்டார்கள், ஓர் ஆணி அடிக்கவும் எழுதிக் கேட்க வேண்டும். ஒரு ஈஸ்டருக்கு இவள் பின்சுவரில் கோலம் உதிர்ந்த இடத்தைச் சுத்தமாக இருக்கட்டுமே என்று முழுக்க வெள்ளையடித்துவிட்டாள். அலுவலகத்திலிருந்து ஆள் வந்து தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். புருஷன் ஸ்தமாதிஸ் அன்றைக்கு எப்படிச் சிரித்தான். அவனைத் திட்டுகிறபோதுகூட அந்தச் சிரிப்பு குறுக்கே வந்துவிடுகிறது, மூன்று வருஷமாக, எங்கிருந்துதான் வருமோ. வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரப் பையன் கேமராவைத் தூக்கினான். கறுப்பு உடுப்பில் இரினி, கோலச் சுவர், காலை வெயில். பின்னால் வந்த இவளுடைய கறுத்த முகத்தைக் கண்டதும் கேமராவைத் தாழ்த்தி, இவள் கடந்துபோகட்டும் என்று மரியாதையாகக் காத்து நின்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவன் எடுக்க வந்த படத்தில் இவள் இல்லை. இருபத்தொரு வருஷம் ஆயிற்று, அந்தப் படத்துக்குள் எப்படி நுழைவது என்று இவளுக்கும் தெரியவில்லை.

“மதீனி! இன்னிக்கா எடுக்கீங்க?” மேலே பலகணியில் கலியோப்பி தக்காளியை நூலில் கோத்துக்கொண்டிருந்தாள். கணவனின் அக்காளைப் பெர்பெத்தம்மா முதல்நாளே மதினி என்று கூப்பிட, அது ஏதோ செல்லப்பெயர் என்று நினைத்து ஊரே இரினியை மதீனி மதீனி என்கிறது, பாதிரியார் உட்பட. கிரேக்கப் பேச்சு இவள் காதுக்குள் நுழையும்போதே தூத்துக்குடிப் பேச்சாக மாறித்தான் விழும், அதுவும் இத்தனை வருஷத்தில் தானாக வந்த பழக்கம். “இன்னிக்குத்தான்” என்றாள் இரினி நிற்காமல். “மஞ்சளா வரட்டும்!” “வரும், வரும்.” “பாத்துக்கோங்க, கப்பல் வேலையில உப்புத்தண்ணியிலேயே முப்பது வருஷம் ஊறின ஆளு, ஊறுகாய் மாதிரி அப்படியே உக்காந்திருக்கப் போறான்!” “உன் வாயைக் கழுவுட்டி. உன் புருஷனை எடுக்கும்போது மண்வெட்டிக்காரனே மயங்கி விழுந்தான், தெரியும்லா?” “அது நாத்தத்துல இல்ல, அவன் அன்னைக்குக் குடிச்சிருந்தான்!” கலியோப்பி தக்காளி நூலைக் கம்பியில் மாட்டிவிட்டு, நானும் வாரேன் என்று உள்ளே போனாள். அவள் வராமல் எந்தக் குழி திறந்திருக்கிறது? அவள்தான் அந்தப் பன்டேலிஸ் கதையைச் சொன்னவள், மரத்தில் எடுத்த பிசினைச் சுத்தம் செய்கிற ஒரு மத்தியானம், மடியில் தட்டும் கையில் ஊசியுமாக. பன்டேலிஸை ஐந்து வருஷம் கழித்து எடுத்தார்களாம், நகமும் மயிருமாக அப்படியே கிடந்தானாம். கிணற்றுத் தகராறில் அவனோடு பேச்சை விட்டிருந்த தம்பியைக் கூட்டிவந்து குழிக்கு முன்னால் நிறுத்தி, மன்னிச்சேன்னு வாய்விட்டுச் சொல்லு என்றார்களாம். அவன் அரைமணி நேரம் நின்றானாம். அந்த அரைமணி நேரத்தைத்தான் பெர்பெத்தம்மா அடிக்கடி நினைப்பாள். வெயிலில், இத்தனை பேர் பார்க்க, வாயில் வராத ஒரு சொல்லை வைத்துக்கொண்டு.

அவளுக்கும் அது வந்ததில்லை. நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், ஒவ்வொரு வருஷத் திதியும், கோதுமை அவித்துச் சர்க்கரையும் மாதுளை முத்தும் கலந்து கோயில் வாசலில் நின்று ஊருக்குக் கொடுத்தாள். வாங்குகிற ஒவ்வொருவரும், கடவுள் அவனை மன்னிக்கட்டும் என்பார்கள். இவளும் என்பாள். மன்னிக்கட்டும், கடவுள்தானே, அவருக்கு என்ன. நான் சொல்லவில்லையே. சிலுவை போடுகிற கை இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இடத்தோளுக்குத்தான் முதலில் போகும், பிறகு திடுக்கென்று இவர்கள் வழக்கப்படி வலத்தோளுக்குத் திரும்பும். அந்த மாதிரித்தான் மன்னிப்பும், பாதிவழி போகும், திரும்பிவிடும். அவள் நர்ஸ். களிமண்ணா, ஈரம் எவ்வளவு, பெட்டி என்ன மரம், இதையெல்லாம் பொறுத்துத்தான் உடம்பு கரையும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன? இரவில் படுத்தால் மண்ணுக்குக் கீழே அவன் முழுசாக, கண்ணை மூடிக்கொண்டு, கேட்கப்படுவதற்குக் காத்திருக்கிறான். தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் இஞ்சின் அறையில் கை வெந்து, அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு வந்தவன். ஐந்து வாரம் அந்தக் கைக்குக் கட்டு மாற்றியது இவள்தான். முப்பத்தொரு வயசுக்கு அப்புறம் ஒரு பெண்ணுக்கு ஊரில் என்ன மிச்சமிருந்தது, அம்மாவைத் தவிர? அம்மா சொன்னாள், போ பிள்ளே, ஆனா நான் போகும்போது வந்து என் கண்ணை மூடிட்டுப் போ. அவ்வளவுதான் கேட்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

இந்த ஊருக்கு வந்து பத்து வருஷம் கழித்து, செப்டம்பர், பிசின் எடுக்கிற காலம். மரத்தடியைப் பெருக்கி, வெள்ளை மண் தூவி, பட்டையில் கீறிவிட்டால் பிசின் சொட்டுச்சொட்டாக இறங்கிக் கண்ணாடி மாதிரி இறுகும். மழைக்கு முன் பொறுக்கிவிட வேண்டும், ஒரு மழை போதும், எல்லாம் போயிற்று. இவர்கள் வீட்டில் போன் கிடையாது, இரினி வீட்டில்தான். ஜெனோவா அங்கே போன் செய்து, அம்மா போயிட்டா, அம்மா போயிட்டா என்று அழுதிருக்கிறாள். ஸ்தமாதிஸ் போய்ப் பேசியிருக்கிறான். பேசிவிட்டு வந்து கூடையை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனான். ஒன்பது நாள். கடைசி மரம் முடிந்த அன்று சாயந்திரம், கையைக் கழுவிவிட்டு, பெர்பா, உட்காரு என்றான். ஒன்பது நாள் என்றால் கண்ணை மூடுவது என்ன, எட்டாம் நாள் பூசையும் முடிந்து பந்தலையும் பிரித்திருப்பார்கள். அதுகூடப் பெரிசில்லை என்று அவள் தனக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறாள், தகவல் கிடைத்த அன்றே கிளம்பியிருந்தாலும் அடக்கத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க முடியாதுதான். ஆனால் அந்த ஒன்பது நாளும் அவள் சிரித்திருக்கிறாள். முள் அதில்தான் ஏறி நிற்கிறது, எப்படித் திருப்பிப் பிடுங்கினாலும் வரவில்லை. மரத்தடியில் குந்தியிருந்து பாடியிருக்கிறாள். அவன் வழக்கத்துக்கு மாறாக அவளுக்கு முட்டை பொரித்துக் கொடுத்தான், செருப்பு வாங்கிக் கொடுத்தான், அவள் பூரித்துப்போனாள், இந்த மனுஷனுக்கு இந்த வருஷம் என்ன வந்தது என்று. அங்கே அம்மாவை மண் மூடிக்கொண்டிருக்க, இங்கே புதுச்செருப்பைக் காலில் போட்டு நடந்து காட்டியிருக்கிறாள். அன்றைக்கு அவள் கத்தவில்லை. சரி என்றாள். அடுப்பை ஏற்றினாள். அப்புறம் எட்டு வருஷம் அவனோடு சாப்பிட்டு, படுத்து, சண்டை போட்டு, அவன் இருதயம் நின்ற அன்று அவன் கண்ணை அவளே மூடினாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்குமோ என்னவோ.

கல்லறையில் குழிவெட்டி லெஃப்தேரிஸ் முழங்கால் ஆழத்துக்கு வெட்டியிருந்தான். சைப்ரஸ் மர நிழலில் பாதிரியார் யானிஸ் மேலங்கியை மடித்து உட்கார்ந்திருந்தார். ஏழெட்டுப் பெண்கள், எல்லோரும் கறுப்பு. குழியோரத்தில் இவர்கள் இரண்டு பேருக்கும் இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். மண்வெட்டி ஏறி இறங்குகிற சத்தம், நடுநடுவே கல்லில் படுகிற சத்தம். மண் ஈரமாக இருக்கிறதே. ஈரமாக இருந்தால் நல்லதா கெட்டதா? படித்ததெல்லாம் மறந்துபோயிற்று. நின்று, மன்னிச்சேன்னு சொல்லு என்பார்கள். சொல்லிவிட்டால் என்ன? வாய்தானே? சொல்லிவிட்டு வியாழக்கிழமை கப்பல் ஏறிவிடலாமா? ஏறமுடியாது, இரண்டு வருஷம் இருந்து பார், உன் மன்னிப்பு நிஜமா என்று மண் சொல்லட்டும் என்பார்கள். அவளுக்கு யாராவது வந்து தோளைத் தொட்டு, போதும், நீ வீட்டுக்குப் போ என்று சொல்ல மாட்டார்களா என்று இருந்தது. எந்த வீட்டுக்கு என்பது வேறு விஷயம்.

“பெர்பா” என்றாள் இரினி, குழியைப் பார்த்தபடியே, உதடு அசையாமல். “ஒண்ணு சொல்லணும். பெட்டியில மண்வெட்டி தட்டுறதுக்குள்ள சொல்லிரணும்.” “பிறகு சொல்லுங்க மதினி.” “பிறகு சொல்லி என்னத்துக்கு? இப்பவே கேளு. உங்கம்மா செத்ததுக்கு வந்த போனை எடுத்தது நான். எனக்கு உங்க பாஷை தெரியாது, ஆனா அழுகை தெரியும்லா. அவனைக் கூப்பிட்டு விட்டேன். பேசிட்டு உங்கிட்டதான் ஓடப் பாத்தான். நான்தான் வாசல்ல நின்னு மறிச்சேன்.” மண்வெட்டி ஏறி இறங்கியது. “மழை வருதுன்னு ரேடியோவுல சொல்லிட்டான். அறுபது மரம் கிடக்கு. அது ஒரு சாக்குதான், உண்மையைச் சொல்லிருதேன். இவ இப்பப் போனா திரும்ப வரமாட்டா, நீ தனியா நிப்பேன்னு சொன்னேன். ரெண்டு நாள் பொறுடான்னேன். ரெண்டே நாள்னுதான் சொன்னேன்.” “ஒன்பது நாள்” என்றாள் பெர்பெத்தம்மா. “ஆமா. மூணாம் நாள் எங்கிட்ட வந்து நின்னான். இப்ப சொன்னா, முதல் நாளே ஏன் சொல்லலைன்னு கேப்பாளேன்னான். நாலாம் நாளும் அதேதான். போகப்போகச் சொல்ல முடியாமப் போச்சு அவனுக்கு.” இரினியின் கை மடியிலிருந்த வெள்ளைத் துணியைக் கசக்கிக்கொண்டிருந்தது. “அவன் கரையாம வந்தா அது உன்னால இல்ல. உங்கம்மா என்னைச் சபிச்சிருப்பா, அவன் என் சொல்லைக் கேட்டவன். இத்தனை பேருக்கு முன்னாடி அப்படியே சொல்லிருதேன். நீ கப்பல் ஏறிப் போ. ரெண்டு வருஷம் நான் இருக்கேன்.”

அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. கோபம் வரும் என்று பார்த்தாள், அது ஏற்கெனவே இருக்கிறதே, புதிதாக எங்கிருந்து வரும். தூரம் நடந்து வந்தவள் கையில் இன்னொரு மூட்டையையும் யாரோ வைத்துவிட்ட மாதிரி இருந்தது. இந்தக் கிழவி பதினோரு வருஷமாக இதை வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறாள். எட்டு வருஷம் அவன் அக்காளைக் காட்டிக்கொடுக்காமல் இருந்திருக்கிறான். அது நல்லதா, இவளிடம் செய்த இன்னொரு திருட்டா? கதவை மறித்தது அவள் என்றால், இரண்டு நாளுக்கு அப்புறம் ஏழு நாள் யார் மறித்தது? செருப்பு வாங்கியது யார்? பாடச் சொன்னது யார்? அவள் பாட்டை நிறுத்தினால், பாடேன் பெர்பா என்றானே, அது யார் சொல்லிக் கொடுத்தது? “இந்தா வந்துட்டான்” என்றான் லெஃப்தேரிஸ் குழிக்குள்ளிருந்து. பெண்கள் எழுந்தார்கள். பாதிரியார் எழுந்து மேலங்கியை உதறினார். மரப்பலகை உடைகிற சத்தம், மெத்தென்று, பிஸ்கட் உடைகிற மாதிரி. அப்புறம் ஒன்றுமில்லை. லெஃப்தேரிஸ் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையால் மண்ணைத் துழாவினான். இரினி நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, வாயைத் திறந்து, சொல்லத் தயாராகிவிட்டாள்.

“மஞ்சள்!” என்றான் அவன். “மெழுகு மாதிரி! சுத்தம்!” எல்லாப் பெண்களும் ஒன்றாக மூச்சு விட்டார்கள், சிலுவை போட்டார்கள். கலியோப்பி, நல்ல மனுஷன், நான் சொன்னேன்லா, நல்ல மனுஷன் என்றாள், அவள் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. இரினி நாற்காலியில் தொப்பென்று விழுந்து இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்தாள். பெர்பெத்தம்மா தனக்குள் தேடிப் பார்த்தாள். அந்த ஒன்பது நாள் அப்படியே இருந்தது, ஒரு மணிகூடக் குறையவில்லை. யாரும் மன்னிக்கவில்லை, மண் பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துவிட்டது. மூன்று வருஷம் அவள் பயந்து செத்தாள், அது அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தப் பெண்களுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். வியாழக்கிழமை போகலாம். சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்தாள், அதற்கும் ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது. லெஃப்தேரிஸ் மண்டையோட்டைக் கைக்குட்டையில் ஏந்தி மேலே நீட்டினான். முதலில் வாங்க வேண்டியது பெண்டாட்டி. வாங்கினாள். எத்தனை கனமான தலை அது, இரவில் தோளில் விழுந்தால் மரத்துப்போகும். இப்போது ஒரு கிண்ணத்தின் கனம்கூட இல்லை. முத்தமிடணும் என்று கலியோப்பி காதருகே சொன்னாள். முத்தமிட்டாள். மண் வாடை, வேறு ஒரு வாடையும் இல்லை.

மற்ற எலும்புகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. தண்ணீரில் அலசி எடுத்துக் கொடுப்பது இரினி, தட்டில் வைத்து மதுவை ஊற்றித் தேய்ப்பது இவள். விரலெலும்புகள் வந்தபோது வெந்த கை எது என்று தெரியவில்லை. நர்ஸ் கை, தன்போக்கில் வேலை செய்தது. அப்போது அவளுக்கே தெரியாமல் வாய் தொடங்கிவிட்டது, தமிழில், இருபத்தொரு வருஷமாக இந்த ஊர்க் காற்று கேட்காத சத்தத்தில். “ஒண்ணாம் நாள் முட்டை பொரிச்சே. நான் உப்பு ஜாஸ்தின்னு சிரிச்சேன். எங்கம்மாவைக் குளிப்பாட்டிட்டிருப்பாங்க அப்போ, தெரியுமாய்யா உனக்கு? தெரியும். தெரிஞ்சுதான் உப்பு போட்டே.” மது ஊற்றினாள். “ரெண்டாம் நாள் ஆட்டுக்குட்டி உன் தொப்பியைத் தின்னுச்சு. வயித்தைப் பிடிச்சிட்டு விழுந்து சிரிச்சேன் நான். நீயும் சிரிச்சே. எப்படிய்யா சிரிச்சே?” பெண்கள் மெல்ல நெருங்கினார்கள். ஒருத்தி ஆட ஆரம்பித்தாள், முன்னும் பின்னுமாக, ராகம் பிடிக்கப் பார்த்தாள். “என்னமா ஒப்பாரி வைக்கா பாரு” என்றாள் கலியோப்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “எவ்வளவு பிரியம் இருந்தா இப்படி வரும்.” பாதிரியார் புத்தகத்தை மூடிக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். “மூணாம் நாள் வாயைத் திறந்து திறந்து மூடினே, நான் பல்வலியான்னு கேட்டேன், கிராம்பு வச்சு விட்டேன். எம் மடியில படுத்தே. நாலாம் நாள் செருப்பு. அந்தச் செருப்பை நான் என்ன செஞ்சேன்னு இன்னைக்கு வரைக்கும் கேட்டியா? கிணத்துல போட்டேன், கேட்டியா நீ?” குரல் உயர்ந்தது. தொடையெலும்பில் மது வழிந்து முழங்கை வரை ஓடியது. “அஞ்சாம் நாள் கடலுக்குக் கூட்டிட்டுப் போனே. தண்ணிக்குள்ள நின்னு, ஊருக்குப் போணும் போல இருக்குய்யான்னு சொன்னேன் உங்கிட்ட. அன்னைக்குச் சொல்லியிருக்கலாம். நானே கதவைத் திறந்து விட்டேனே. என் தலையைத் தடவினே. தடவிட்டுச் சும்மா இருந்தே.” ஆறாம் நாளைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது பாட்டில் கவிழ்ந்து கடைசிச் சொட்டும் விழுந்தது. அவள் வாயும் நின்றது. கை தட்டின்மேல் அப்படியே இருந்தது. அவ்வளவுதான் என்று நினைத்துப் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள், பாதிரியார் புத்தகத்தைத் திறந்தார்.

இரினிக்கு ஒரு தமிழ்ச் சொல்லும் தெரியாது, எண்களைத் தவிர. இருபத்தொரு அறுவடை இவள் பக்கத்தில் குந்தியிருந்து, கீறின மரங்களை இவள் ஒண்ணு ரெண்டு என்று வாய்விட்டு எண்ணக் கேட்டுக் கேட்டு அவளுக்குப் பத்துவரை பாடம். ஒண்ணாம் நாளிலிருந்து, எலும்பு அலசுவதற்கு நடுவே, அவள் மடிக்குள் விரலை மடக்கிக்கொண்டே வந்திருந்தாள். இப்போது அந்தக் கையைத் தூக்கிப் பாதிரியாரைப் பொறுக்கச் சொன்னாள். “லெஃப்தேரி, எங்க வீட்டு அடுக்களையில இன்னொரு பாட்டில் இருக்கு, ஓடிப்போய் எடுத்துட்டு வா.” அவன் குழியோரத்தில் உட்கார்ந்து சிகரெட் பற்றவைக்கப் போனவன், துணியில் அடுக்கியிருந்ததைப் பார்த்தான். “எதுக்கு மதீனி? எல்லா எலும்பும் கழுவியாச்சே.” “அவ முடிக்கலை” என்றாள் இரினி. “இன்னும் மூணு நாள் இருக்கு.”